அப்பாவின் பெரிய பாதை

கேரள எல்லையை ஒட்டிய எங்கள் கம்பம் ஊரில் கார்த்திகை பிறப்பதைத் தெரிந்துகொள்ளக் காலண்டர் வேண்டாம். கடைவீதியில் கறுப்பு வேட்டியும் காவி வேட்டியும் தொங்கத் தொடங்கிவிடும். விடியற்காலை நாலு மணிக்கு வீட்டுக்கு வீடு தலைக்குத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கும். குமுளி சாலையை வெளி மாநில வேன்கள் அடைத்துக்கொள்ளும்; நெரிசல் கூடினால் போலீஸ்காரர்கள் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவார்கள். இத்தனைக்கும் நடுவில் எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து தேங்காய் உரசும் சத்தம் வரும். அந்தச் சத்தம் இல்லாமல் பிறக்கிற மூன்றாவது கார்த்திகை இது.

அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தார். 27 முறை சபரிமலைக்குப் போனவர். ஊரில் அவரைவிட அதிகமுறை போனவர்கள் உண்டு. ஆனால் அப்பா ஒருமுறைகூடப் பம்பை வரைக்கும் வண்டியில் போனதில்லை. எருமேலியில் இறங்கி, ஐயப்பனின் முஸ்லிம் நண்பர் வாவரின் பள்ளிவாசலில் வணங்கி, பேட்டை துள்ளி, அங்கிருந்து பெரிய பாதையில் காட்டுக்குள் நடப்பார். நாற்பது கிலோமீட்டருக்கு மேல் வரும். அழுதை, கல்லிடும் குன்று, முக்குழி, கரியிலாந்தோடு, கரிமலை, பெரியானை வட்டம், பம்பை. மற்ற பிள்ளைகள் வாய்ப்பாடு சொன்ன வயதில் நானும் தம்பியும் இந்தப் பெயர்களை வரிசை மாறாமல் சொல்வோம்.

"சின்னப் பாதையில போனா ஒரே நாள்ல தரிசனம் முடிச்சு வந்துரலாமே மச்சான்" என்று மாமா ஒரு தடவை கேட்டார். அப்பா சிரித்துக்கொண்டே, "அவசரமாப் பாக்கணும்னா நம்ம தெருக் கோயில்லயே பாத்துக்கலாமே மாப்ள" என்றார்.

மாலை போட்டதும் வீட்டின் பேச்சே மாறிவிடும். அப்பா எங்களைச் சாமி என்பார். நாங்களும் அவரைச் சாமி என்போம். "சாமி, வீட்டுப்பாடம் எழுதியாச்சா?" என்று ஒருவர் கேட்டால் எப்படிப் பொய் சொல்வது? அந்த 48 நாளும் செருப்புப் போட மாட்டார், ஆனால் வேலை நேரத்தில் மட்டும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொள்வார். கூட வேலை பார்த்த ஒரு சாமி வெறுங்காலோடு மின்கம்பத்தில் ஏறப் போனபோது அப்பா அவரைக் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். "கரண்ட்டுக்கு மாலை தெரியாது சாமி. வீட்டுல ரெண்டு பிள்ளை இருக்குல்ல" என்றாராம். இறங்கியதும் பூட்ஸைக் கழற்றிக் கேரியரில் மாட்டிக்கொண்டு, வெறுங்காலோடு சைக்கிளை மிதிப்பார்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலம். திராட்சைத் தோட்டத்துப் பந்தல் கம்பி மேல் மரக்கிளை விழும், லைன் அறுந்து கிடக்கும், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வந்து கதவைத் தட்டுவார்கள். அப்பா ஒரு சலிப்பும் இல்லாமல் கிளம்புவார். வெளியே போவதற்குக் காரணம் கிடைத்த சந்தோஷம்தான் அது என்று அம்மா சொல்லுவாள். உண்மைதான். நாலு சுவருக்குள் அவருக்கு இருப்புக் கொள்ளாது. சாப்பாட்டுத் தட்டைக்கூடத் திண்ணைக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். அங்கே உட்கார்ந்தால்தான் மேற்கு மலை தெரியும்.

தேங்காய் உரசுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெய்த் தேங்காய்க்கு எந்தத் தேங்காயும் ஆகாது. அப்பா முத்தின காயாக எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பார். நாரை முழுக்கப் பிய்த்துவிட்டு, உடைந்த கண்ணாடித் துண்டால் ஓட்டைச் சுரண்டுவார். சர்ரக், சர்ரக் என்று ஒரு சத்தம். பழுப்புத் தூள் மடியெல்லாம் கொட்டும். அரைமணி நேரம் சுரண்டினால் ஓடு வழுவழுவென்று குழந்தையின் மண்டை மாதிரி ஆகிவிடும். பிறகு மூன்று கண்ணில் மெலிதான கண்ணைத் தேடிக் கம்பியால் துளைத்து, தண்ணீரை வடித்து எங்களுக்குக் குடிக்கக் கொடுப்பார். உள்ளே ஈரம் காய வேண்டும். இருமுடிக் கட்டு நிறைக்கிற அன்று நெய்யை உருக்கி, கை பொறுக்கிற சூட்டில் சரணம் சொல்லிக்கொண்டே ஊற்றுவார். நெய் சிந்தவே சிந்தாது. தக்கையை அழுத்தி, ஊறவைத்த அப்பளத்தை மேலே ஒட்டினால் முடிந்தது. குழுவில் 22 பேர் போனால் 22 தேங்காயையும் அவர்தான் சுரண்டுவார். அவரவர் தேங்காயை அவரவரே சுரண்டலாமே என்று கேட்டதற்கு, "ஓடு எங்க மெலிசா இருக்குன்னு கைக்குத்தான் தெரியும். வழியில கீறல் விட்டா ஒரு வருஷத்து நெய்யும் போச்சு" என்றார்.

எனக்கு ஒன்பது வயது முடிந்த வருஷம் அப்பா என்னை மலைக்குக் கூட்டிப்போனார். பத்து வயதுக்குமேல் ஐம்பது வரைக்கும் பெண்கள் போவதில்லை என்பதால் அதுதான் கடைசி வாய்ப்பு. "பொம்பளப் பிள்ளையைக் காட்டு வழியில கூட்டிட்டுப் போறதா" என்று அப்பத்தா சண்டை போட்டார். அப்பா பதில் பேசவில்லை. மாலை போட்ட நாளிலிருந்து தினமும் விடியற்காலையில் என்னைச் சுருளிப்பட்டிச் சாலையில் வெறுங்காலோடு நடக்க வைத்தார். முதல் வாரம் கால் கொப்பளித்தது. மூன்றாவது வாரம் கல் உறுத்தவில்லை.

எருமேலி தாண்டிப் பேரூர்த்தோடு ஓடையில் மீன்களுக்குப் பொரி போட்டோம். காளைகட்டியைக் கடந்து அழுதை நதிக்கு வந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. தண்ணீரில் மூழ்கி ஒரு கல் எடுக்க வேண்டும். அதை மேலே கல்லிடும் குன்றில் போட வேண்டும். ஐயப்பன் கொன்ற அரக்கி மகிஷியின் உடலை அங்கே புதைத்துக் கல்லால் மூடினார்கள் என்பது கதை. நான் ஆசைப்பட்டுப் பெரிய கல்லாக எடுத்துவிட்டேன். "சின்னதா எடு தாயி, ஏத்தம் இருக்கு" என்று அப்பா சொல்லவே இல்லை. ஏற்றத்தில் பாதி தூரம் போய் மூச்சு வாங்கி நின்றபோது, கல்லை வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டு, குன்றுக்குப் போனதும் திரும்ப என் கையில் கொடுத்தார். "போடு சாமி. நீ எடுத்த கல்லு."

காட்டுக்குள் அப்பா வேறு ஆளாக இருந்தார். வீட்டில் அவர் அதிகம் பேச மாட்டார். அங்கேயும் பேசவில்லை, ஆனால் கையால் காட்டிக்கொண்டே வந்தார். ஒரு மரத்தின் அடியில் நிறுத்தி, பட்டையில் வழிந்து காய்ந்திருந்த கறுப்புப் பிசினை முகரச் சொன்னார். எங்கள் பூஜை அறை வாசனை. குங்கிலியம். "வீட்டுல புகையிறது இதுதான்" என்றார். ஒரு துண்டு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அப்பா தலையை ஆட்டிவிட்டு நடந்தார். இன்னொரு இடத்தில் தலைக்கு மேலே யாரோ பெரிய துருத்தி வைத்து ஊதுவதுபோல் சத்தம். இருவாட்சி. மரத்துக்கு மேலே போவதை நான் பார்ப்பதற்குள் போய்விட்டது. அதன் சிறகு காற்றை அடித்த சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது. அப்பா அந்தத் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பறவையைக் கும்பிட்டாரா, பறவை போன திசையில் இருக்கிற சாமியைக் கும்பிட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கரியிலாந்தோட்டில் ராத்திரி தங்கினோம். மூங்கில் நட்டு ஓலை வேய்ந்த தாவளம், நடுவில் நெருப்பு. எல்லோரும் தூங்கிவிட்டார்கள். அப்பா மட்டும் நெருப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எனக்கும் தூக்கம் வரவில்லை. நடுராத்திரி தாண்டியிருக்கும், ஓடைக்கு அந்தப் பக்கத்தில் மூங்கில் முறிகிற சத்தம் கேட்டது. ஒரு முறிப்பு, கொஞ்ச நேரம் அமைதி, மறுபடி ஒரு முறிப்பு. விழித்துக்கொண்ட சாமிகள் பயந்துபோய்ச் சரணம் போட வாயெடுத்தார்கள். அப்பா கையை உயர்த்தினார். குழுவை வழிநடத்தும் குருசாமியான அவரே சரணத்தை நிறுத்தச் சொல்லி நான் பார்த்தது அப்போதுதான்.

"சத்தம் போடாதீங்க சாமி. அது சாப்பிடுது. சாப்பிடுறப்ப தொந்தரவு பண்ணக் கூடாது."

என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். இருட்டில் யானை தெரியவில்லை. ஆனால் அதன் வாசனை வந்தது. வைக்கோலும் ஈர மண்ணும் கலந்த வாசனை. வயிற்றுக்குள்ளிருந்து வருகிற ஒரு உறுமல், மெதுவாக, வண்டி எஞ்சின் தூரத்தில் ஓடுவதுபோல. அப்பாவின் நெஞ்சு என் முதுகில் ஏறி இறங்கியது. அவர் பயப்படவில்லை என்பது அதில் தெரிந்தது. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தோம் என்று தெரியாது. மூங்கில் முறிகிற சத்தம் தள்ளித் தள்ளிப் போய் நின்றது. அப்புறம்தான் அப்பா, யாருக்கும் கேட்காத குரலில், "சாமியே சரணம் ஐயப்பா" என்றார்.

மறுநாள் கரிமலை ஏறியது, பம்பையில் குளித்தது, பதினெட்டாம் படியில் என்னைத் தூக்கிவிட்ட போலீஸ்காரரின் கை, சன்னிதியில் கிடைத்த இரண்டு நொடித் தரிசனம் எல்லாம் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கின்றன. அந்த ராத்திரி மட்டும் முழுசாக இருக்கிறது.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் போனால் இது பாதிக் கதைதான். தம்பி பிறந்தது மார்கழியில். பிரசவத்துக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது என்று சொன்னதை நம்பி அப்பா கட்டெடுத்துப் போய்விட்டார். தம்பி முன்னாலேயே வந்துவிட்டான். அப்போது அப்பா கரிமலையிலோ பம்பையிலோ இருந்தார். சொல்லி அனுப்ப வழியில்லை. நாலு நாள் கழித்து அரவணை டப்பாவோடு வந்து நின்றவரிடம் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா அதைக் கடைசிவரை மறக்கவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிக்காட்டுவாள். அப்பா ஒருதடவைகூட, "சாமி காரியமாத்தானே போனேன்" என்று சொன்னதில்லை. "தப்புத்தான்" என்பார்.

அடுத்த வருஷத்திலிருந்து ஒரு மாற்றம் வந்தது. விரத நாட்களில் அதுவரை அம்மாதான் மூன்றரை மணிக்கு எழுந்து, தலைக்குக் குளித்து, தனிப் பாத்திரத்தில் சமைத்துக்கொண்டிருந்தாள். அப்பா தன் சோற்றைத் தானே பொங்க ஆரம்பித்தார். துணியைத் தானே துவைத்துக்கொண்டார். நாளாக ஆக எங்களுக்கும் சேர்த்தே சமைத்தார். அந்தச் சாம்பாரில் புளி தூக்கலாக இருக்கும். அம்மா திண்ணையில் உட்கார்ந்து அதைச் சாப்பிடுவாள். ஊரில் எத்தனையோ வீடுகளில் ஆண்கள் மாலை போட, பெண்கள் விரதம் சுமக்கிறார்கள். எங்கள் வீட்டில் அப்படி இல்லை என்பது எனக்குப் பெருமை.

பத்து வயதானபின் வந்த முதல் கார்த்திகையில் நான் அழுதேன். அப்பா சமாதானம் சொல்லவில்லை. சித்திரை வரட்டும் என்றார். சித்திரா பௌர்ணமியன்று விடியுமுன் என்னையும் அம்மாவையும் தம்பியையும் கூடலூருக்குப் பக்கத்தில் பளியன்குடிக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்து மலையேறினால் மங்கலதேவி கண்ணகி கோயில். தமிழ்நாடும் கேரளாவும் சேர்கிற எல்லையில், பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் மேலே விடுவார்கள். குமுளி வழியாக ஜீப் போகும். எங்களுக்கு அது வேண்டாம். ஆறேழு கிலோமீட்டர் செங்குத்தான ஏற்றம்.

"அந்த மலைக்கு நீ நாப்பது வருஷம் காத்திருக்கணும் தாயி. இந்த மலைக்கு ஒரு வருஷம்தான்" என்றார்.

சித்திரை வெயில் தலையைப் பிளக்கும். மரங்கள் முடிந்து புல்வெளி ஆரம்பிக்கிற இடத்தில் காற்று திடீரென்று குளிர்ந்து வரும், போதைப்புல்லின் எலுமிச்சை வாசனையோடு. திரும்பிப் பார்த்தால் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் கீழே விரிந்து கிடக்கும். வயலும் தோப்பும் திராட்சைப் பந்தலும். அப்பா அங்கே உட்கார்ந்து, எந்தெந்த லைன் எங்கே போகிறது என்று விரலால் காட்டுவார். மேலே கோயில் இடிந்த கல் மண்டபங்கள்தான். சேரன் செங்குட்டுவன் எடுத்த கோயில் என்று சொல்லக் கேட்டு வளர்ந்தோம். வரிசையில் நின்று, வளையலும் மஞ்சள் கயிறும் வாங்கிக்கொண்டு இறங்குவோம். என் கல்யாணத்துக்குப் பிறகும், பிள்ளை பெற்ற இரண்டு வருஷம் தவிர, ஒவ்வொரு சித்திரைக்கும் அப்பாவோடு ஏறினேன். மலை ஏறும்போது அவர் எப்போதும் கடைசியில்தான் வருவார். முன்னால் போகிறவனுக்கு வழி தெரிந்தால் போதும். பின்னால் வருகிறவனுக்குத்தான் யார் தவித்து நிற்கிறார்கள் என்று தெரியும் என்பது அவர் கணக்கு.

2011 ஜனவரி 14, மகரஜோதி அன்று ராத்திரி, ஜோதி பார்க்கக் கூட்டம் கூடுகிற புல்மேட்டில் நெரிசல். 102 பேர் இறந்துபோனார்கள். அப்பா அந்த வருஷம் மார்கழியிலேயே போய்த் திரும்பியிருந்தார். செய்தி கேட்டதும் இரண்டு நண்பர்களோடு பைக்கில் குமுளிக்குப் போனார். மறுநாள் மத்தியானம்தான் வந்தார். என்ன பார்த்தார், என்ன செய்தார் என்று சொல்லவில்லை. கிணற்றடியில் வெகுநேரம் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு அவர் குழுவில் போகிற ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் பெயர், ஊர், வீட்டு போன் நம்பர், ரத்த வகை எழுதிய சீட்டு இருக்கும், பாலிதீன் உறையில் போட்டு. ஆளுக்கொரு டார்ச். மகரஜோதிக்கு மட்டும் யாரையும் கூட்டிப்போக மாட்டேன் என்று சொல்லிவிட்டார். "ஜோதியைப் பார்க்காம வந்தா என்ன குருசாமி பலன்" என்று கேட்டவர்கள் வேறு குழுவுக்குப் போனார்கள். அப்பாவுக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

2018 செப்டம்பரில் எல்லா வயதுப் பெண்களும் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது ஊரே இரண்டுபட்டுப் பேசியது. எங்கள் திண்ணையிலும் தினமும் பேச்சு. அப்பா எல்லோரும் போனபின் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"உனக்குப் போகணும்னு இருக்கா தாயி?"

எனக்கு அப்போது 34 வயது. யோசித்துத்தான் சொன்னேன்: "கோயிலுக்குன்னு இல்லப்பா. கரியிலாந்தோட்டுல இன்னொரு ராத்திரி உங்களோட உக்காரணும்னுதான் இருக்கு."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கும் அப்படித்தான். சன்னிதானத்துல நிக்கிறப்பகூட மனசு பின்னால காட்டுலதான் கெடக்கு" என்றார். சொன்னவர் உடனே பூஜை அறைப் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்தப் பூஜை அறையில் ஐயப்பன் படத்துக்குப் பக்கத்தில் பென்னிகுக் படமும் இருக்கும். முல்லைப் பெரியாறு அணை கட்டியவருக்கு எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் படம் உண்டு. அப்பா இரண்டு படத்துக்கும் ஒரே பூவைக் கிள்ளி வைப்பார்.

மறுவருஷம் முழங்கால் விட்டுவிட்டது. மலைக்குப் போக முடியாதென்று ஆனதும் அப்பா இடிந்துபோய் உட்காருவார் என்று நாங்கள் பயந்தோம். கார்த்திகை முதல் தேதி மாலை போட்டுக்கொண்டார். சாயங்காலம் தம்பியின் பைக்கில் ஏறி, ஊருக்கு வெளியே குமுளி சாலை ஓரத்தில் ஒரு புளியமரத்தடிக்குப் போய், நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் ஒரு கேன் சுக்குக் காப்பி. கையில், லாரிக்குப் பின்னால் ஒட்டுகிற சிவப்பு ஒளிரும் டேப் ஒரு ரோல், ஒரு கத்தரிக்கோல். நடந்து போகிற சாமிகளை நிறுத்தி, தோள்பையின் பின்பக்கம் ஒரு சாண் டேப் ஒட்டி அனுப்புவார். இருட்டில் கறுப்பு வேட்டி கட்டி நடப்பவர்கள் வண்டிக்காரன் கண்ணுக்குத் தெரிவதில்லை. கம்பத்தில் ஏறி வேலை பார்த்தவருக்கு ராத்திரி ரோடு எப்படி இருக்கும் என்று தெரியும். தினமும் ஏழு மணியிலிருந்து பதினொன்று வரை. டேப் ஒட்டும்போதே, செருப்பு இல்லாத பாதத்தைக் குனிந்து பார்ப்பார். வெடிப்பு இருந்தால் விளக்கெண்ணெய் கொடுப்பார். "பெரிய பாதையா, சின்னப் பாதையா?" என்று கேட்பார். பெரிய பாதை என்று சொன்னவர்களை மட்டும் கொஞ்ச நேரம் கூடுதலாக உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருப்பார்.

2023 ஐப்பசியில், மாலை போடுவதற்குச் சரியாக ஒன்பது நாள் முன்னால், திண்ணையில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். பக்கத்தில் சுரண்டி முடிக்காத ஒரு தேங்காய் இருந்தது.

போன மாதம் அவருடைய டூல் பையைப் பிரித்தோம். கட்டிங் பிளேயர், டெஸ்டர், ரப்பர் கையுறை, ஒரு நோட்டு. 27 பயணங்களும் அதில் இருந்தன. அரிசி எத்தனை படி, பருப்பு எத்தனை கிலோ, யாருக்கு ஆஸ்துமா, யார் கன்னிச்சாமி. எல்லாம் ஒரே வரிசையில், ஒரே கையெழுத்தில், காட்டில் பார்த்ததும் கூடவே. "வெல்லம் 3 கிலோ மிச்சம். முக்குழியில் மலையணில் இரண்டு. வேன் வாடகை பாக்கி 400." நான் போன வருஷத்தைத் தேடினேன். "பாப்பா கல்லைத் தானே போட்டது. கரியிலாந்தோடு, ராத்திரி ஒரு மணி, ஒற்றை யானை. பாப்பா பயப்படவில்லை" என்று இருந்தது. நான் பயந்தேன் அப்பா. உங்கள் நெஞ்சு என் முதுகில் இருந்தது, அதனால் தெரியவில்லை.

மலைக்குப் போக முடியாத வருஷங்களிலும் அவர் நோட்டை நிறுத்தவில்லை. கடைசியாக எழுதிய வரி 2022 மார்கழியில்:

"இன்று 214 பேர். மழை இல்லை. பெரிய பாதை 31. டேப் தீர்ந்துவிட்டது. நாளைக்கு இரண்டு ரோல் வாங்க வேண்டும்."